டிக்கியை திறக்க சொன்னா திறக்கணுமா? அப்பாவை வாக்கிங் விடலாமா?

டெக்சஸ்ல இருக்கிற ஒரு வாசகர் கேட்டது: "ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வரும்போது டெயில் லைட் எரியலன்னு காப் (போலீஸ்காரர்) நிறுத்தினார். எந்த ஊரு, எங்க போறன்னு கேட்டுட்டு டிக்கியை பாக்கலாமான்னார், பயத்துல சரின்னுட்டேன். முக்கால் மணி நேரம் ஓரமா நிக்க வெச்சு கடைசில வெறும் வார்னிங் குடுத்து அனுப்பினார். இது நிறத்தைப் பாத்து பண்ணதா? அடுத்த மாசம் அப்பா அம்மா வேற வர்றாங்க, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, காலைல வாக்கிங் போகாம இருக்க மாட்டார்."

முதல்ல அந்த "பாக்கலாமா"வுக்கு வர்றேன், ஏன்னா நம்மாளுங்க வழுக்குறது அங்கதான். சட்டப்படி சோதனை போட சரியான காரணம் கையில இருந்தா பெரும்பாலும் உங்களை கேட்டுட்டு நிக்க மாட்டாங்க, கேக்குறாங்கன்னா உங்க சம்மதம் தேவைப்படுதுன்னு அர்த்தம், நீங்க தலையாட்டிட்டா அப்புறம் கோர்ட்ல பேச ஒண்ணும் மிச்சமில்ல. "ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்" (எந்த சோதனைக்கும் எனக்கு சம்மதமில்ல), இந்த ஒரு வரிய மனப்பாடம் பண்ணி வெச்சுக்கங்க, குரலை உயர்த்தாம சொல்லுங்க. அதுக்கும் மேல அவர் திறந்தா தடுக்காதீங்க, தொடாதீங்க. போனை அன்லாக் பண்ணிக் குடுங்கன்னாலும் இதே பதில்தான், போனுக்குள்ள பாக்க வாரன்ட் வேணும்னு 2014லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

ஆனா இறங்குன்னு சொன்னா இறங்கித்தான் ஆகணும். அதே கோர்ட்டோட 1977 தீர்ப்புப்படி டிரைவரை இறங்க சொல்ல தனியா காரணம் வேண்டாம், கூட வர்றவங்களுக்கும் 1997ல அதையே சொல்லிட்டாங்க. உள்லைட்டை போடுங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல இருக்கட்டும், "லைசன்ஸ் பேன்ட் பாக்கெட்ல இருக்கு, எடுக்கட்டுமா"ன்னு கேட்டுட்டு எடுங்க. 2016ல மினசோட்டாவுல ஃபிலாண்டோ காஸ்டில்ங்கிற கறுப்பர், தன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு அவராவே மரியாதையா சொன்னவர், லைசன்ஸ் எடுக்க கைய நகர்த்தும்போது சுடப்பட்டு செத்துப்போனார், சுட்ட அதிகாரி விடுதலை ஆயிட்டார். அதனால வீராப்பெல்லாம் ரோட்ல வேண்டாம்.

முக்கால் மணி நேரம் நிறுத்தினதுல ஒரு பாயின்ட் இருக்கு. நெப்ராஸ்கா கேஸ் ஒண்ணுல வார்னிங் குடுத்து முடிச்சப்புறம் மோப்ப நாய்க்காக ஏழெட்டு நிமிஷம் கூடுதலா நிறுத்தினதுக்கே, தனியா சந்தேகக் காரணம் இல்லன்னா அது தப்புன்னு 2015ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நீங்க சரின்னு சொல்லாம இருந்திருந்தா இது உங்களுக்கு நல்ல ஆயுதம், சரி விடுங்க.

நிறத்தைப் பாத்தா? இருக்கலாம், ஆனா உங்க ஒரு கேஸை வெச்சு நிரூபிக்கிறது கஷ்டம். டெயில் லைட் நிஜமாவே எரியலன்னா, காப் மனசுல என்ன நினைச்சு நிறுத்தினார்னு நோண்ட மாட்டோம்னு 1996 தீர்ப்பு இருக்கு. மொத்தமா எண்ணிப் பாத்தாதான் பாரபட்சம் பிடிபடும். ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி ஆளுங்க கிட்டத்தட்ட 10 கோடி டிராஃபிக் ஸ்டாப்பை எடுத்து அலசினாங்க, ஐடியா ரொம்ப சிம்பிள், அதே சாயங்காலம் ஏழு மணி ஒரு சீசன்ல வெளிச்சமா இருக்கும் இன்னொரு சீசன்ல இருட்டிடும், இருட்டில டிரைவர் என்ன நிறம்னு தெரியாது. இருட்டினப்புறம் நிறுத்தப்பட்டவங்கள்ல கறுப்பர்களோட பங்கு குறைஞ்சிடுச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?

கம்ப்ளைன்ட் குடுக்கலாமா, தாராளமா. 2015ல டெக்சஸ்ல சிக்னல் போடாம லேன் மாறினார்னு சாண்ட்ரா பிளாண்டுங்கிற பெண்ணை நிறுத்தி கைது பண்ணி மூணே நாள்ல ஜெயில்ல செத்துக் கிடந்தாங்க, அதுக்கப்புறம் 2017ல அவங்க பேர்ல ஒரு சட்டம் வந்துச்சு, டிக்கெட்டோ வார்னிங்கோ குடுத்தா எங்க புகார் பண்ணணும்ங்கிற போன் நம்பர், ஈமெயில் தெரியப்படுத்தணும். அந்த வார்னிங் பேப்பரை தேடி எடுங்க. புகாரை எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கணும், வாய்வார்த்தை செல்லாது. எத்தனை மணி, எந்த எக்ஸிட், பேட்ஜ் நம்பர், அவர் கேட்ட வார்த்தை, எல்லாத்தையும் இன்னைக்கே எழுதிடுங்க, அதோட காப் உடம்புல மாட்டியிருக்கிற பாடி கேமரா வீடியோவும் கேளுங்க, காலம் கடந்தா அழிச்சிடுவாங்க. ஃபெடரல் சிவில் ரைட்ஸ் கேஸ் போடறதுன்னா டெக்சஸ்ல ரெண்டு வருஷம்தான் டைம்.

இனி அப்பா விஷயம். "நாம கறுப்பரா என்ன, நம்மளை ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னு நம்ம வட்டாரத்துல பேசுறதை கேட்டா எனக்கு எரிச்சலா வரும். 2015 பிப்ரவரியில அலபாமா மேடிசன்ல சுரேஷ்பாய் படேல், 57 வயசு, பேரனை பாத்துக்க வந்தவர், மகன் வீட்டுத் தெருவுலயே நடந்துட்டிருந்தார். ஒல்லியா ஒரு கறுப்பு ஆள் சுத்துறான்னு யாரோ போன் பண்ணிட்டாங்க. "நோ இங்கிலீஷ்"னு சொன்னவரை காப் தரையில அடிச்சுத் தள்ளினதுல கழுத்து எலும்பு போய் பக்கவாதம் மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு தடவை விசாரணை நடந்தும் ஜூரி ஒருமனதா முடிவுக்கு வராம, கடைசில ஜட்ஜ் அந்த அதிகாரியை விடுதலை பண்ணிட்டார். 2021ல 17.5 லட்சம் டாலர் செட்டில்மென்ட் வந்துச்சு.

அதுக்காக வாக்கிங்கை நிறுத்தாதீங்க. முதல் வாரம் கூடவே போங்க, அக்கம்பக்கத்துல அறிமுகப்படுத்துங்க. யாராவது போலீஸ் கூப்பிட்டா அங்கயே நிக்கணும், கையை விரிச்சுக் காட்டணும், திரும்பி நடக்கக்கூடாது, இதை வீட்லயே நடிச்சுக் காட்டி பழக்குங்க, சிரிப்பார், பரவால்ல. இங்கிலீஷ் தெரியாது, இது என் மகன் வீட்டு அட்ரஸ், இது போன் நம்பர்னு பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு கார்டு அடிங்க. அதை சட்டைப் பாக்கெட்ல போட்டு அனுப்பிடாதீங்க, எடுக்க அவர் பாக்கெட்டுக்குள்ள கைய விடுறதே ஆபத்து, ஆபீஸ் ஐடி கார்டு மாதிரி கழுத்துல தொங்க விடுங்க.