மென்னமிலக் கணக்கு: கழிப்பதா, விடுவதா?

கேள்வி: உயர்தர இரசாயனவியல் படிக்கிறேன். மென்னமிலக் கணக்குகளில் தொடக்கச் செறிவிலிருந்து கூட்டற்பிரிந்த அளவைக் கழிக்காமல் விடலாம் என்று ரியூசன் வகுப்பில் சொல்கிறார்கள். பாடசாலையில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? எங்கள் ஆய்வுகூடத்துக் குளிர் விடையை மாற்றுமா?
மாணவி, நுவரெலியா

பதில்: இரண்டும் சரி. எது எப்போது என்பதுதான் கேள்வி.

மென்னமிலம் என்பது நீரில் ஒரு பகுதி மட்டுமே அயன்களாகப் பிரியும் அமிலம்; அந்தப் பிரிவே கூட்டற்பிரிகை. லீற்றருக்கு 0.10 மோல் அசற்றிக் அமிலக் கரைசலை எடுங்கள். கூட்டற்பிரிந்த அளவு ‘அ’ என்றால் ஐதரசன் அயனும் அசற்றேற்று அயனும் தலா ‘அ’. எஞ்சும் அமிலம் 0.10 − அ. 25 பாகை செல்சியசில் கூட்டற்பிரிகை மாறிலி (இரு அயன் செறிவுகளின் பெருக்கத்தை எஞ்சிய அமிலச் செறிவால் வகுத்த எண்) 1.8 × 10⁻⁵ ஆகையால்,

அ² ÷ (0.10 − அ) = 1.8 × 10⁻⁵

கீழே நிற்கும் ‘அ’வை விட்டால் விடை 1.34 × 10⁻³. இருபடியைத் தீர்த்தால் 1.33 × 10⁻³. பீஎச் பெறுமானத்தில் 0.01 அளவுக்குக்கூட வேறுபாடில்லை. கணிப்பானுக்கு அனுமதியில்லாத பரீட்சையில் இதற்காக இருபடியோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

அதே அமிலத்தை 0.0010 ஆக ஐதாக்கினால் கதை மாறுகிறது. குறுக்குவழி 1.34 × 10⁻⁴ தருகிறது. சரியான விடை 1.25 × 10⁻⁴. இன்னும் ஐதாக்கி 10⁻⁶ இல் குறுக்குவழியைப் போட்டால் ஐதரசன் அயன் 4.2 × 10⁻⁶ என்று வரும். ஊற்றிய அமிலத்தைவிட நான்கு மடங்கு! ‘மென்னமிலம்தானே, கொஞ்சம்தான் பிரியும்’ என்ற நினைப்பு காலை வாரிவிடும் இடம் இது. ஐதாக்க ஐதாக்க மென்னமிலமும் பெரும்பகுதி பிரிந்துவிடும்.

ஆகவே அமிலத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். தொடக்கச் செறிவை மாறிலியால் வகுத்துப் பாருங்கள். 400க்கு மேல் வந்தால் பிரிந்த பங்கு 5 சதவீதத்துக்குள் அடங்கும், தாராளமாக விடலாம். 0.010 மெதனோயிக் அமிலத்துக்கு மாறிலி 1.8 × 10⁻⁴. வகுத்தால் ஏறத்தாழ 56. மேலே பார்த்த 0.0010 அசற்றிக் அமிலத்துக்கும் அதே 56தான். இரண்டிலும் பிரியும் சதவீதம் ஒன்றே, இரண்டிலும் விடக்கூடாது.

விடக்கூடாத இடத்திலும் இருபடி கட்டாயமில்லை. கிடைத்த 1.34 × 10⁻⁴ஐத் தொடக்கச் செறிவிலிருந்து கழித்தால் 0.000866. அதை மாறிலியால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.248 × 10⁻⁴. இன்னொரு முறை செய்தால் 1.255 × 10⁻⁴, இருபடி தரும் விடையே. எனக்கு இந்த வழியே பிடிக்கும். குறி மாறிக் கெட்டுப்போகும் வாய்ப்பு இதில் குறைவு. ஆனால் வினாத்தாளில் எந்த எடுகோளை வைத்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

குளிரைப் பற்றி: 15 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையில் அசற்றிக் அமிலத்தின் மாறிலி கிட்டத்தட்ட அசைவதில்லை, மேலே உள்ள விடைகள் நுவரெலியாவிலும் செல்லும். அசைவது நீரின் அயன் பெருக்கம் (நீரிலுள்ள ஐதரசன், ஐதரொட்சைட்டு அயன் செறிவுகளின் பெருக்கம்). 15 பாகையில் தூய நீரின் பீஎச் 7 அல்ல, ஏறத்தாழ 7.17, நடுநிலை என்பது அங்கே அதுதான். பீஎச் மானியைத் தாங்கற் கரைசலில் (பீஎச் முன்பே தெரிந்த கரைசல்) வைத்துச் சரிசெய்யும்போது, 25 பாகைக்குரிய எண்ணை விட்டுவிட்டு, போத்தலில் உங்கள் அறை வெப்பநிலைக்கு நேராக அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொடுங்கள்.