மங்கம்மாள் சாலையும் இடக்கை வெற்றிலையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே போகும் பழைய வண்டிப்பாதையைப் பெரியவர்கள் இன்றும் மங்கம்மா சாலை என்றுதான் சொல்கிறார்கள். ஊர் இளைஞர்கள் சேர்ந்து அந்தச் சாலையின் தொடக்கத்தில் ராணி மங்கம்மாளைப் பற்றி ஒரு கல்வெட்டு வைக்க விரும்புகிறார்கள். வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள்.

ராணி ஒருநாள் நினைவில்லாமல் இடக்கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுவிட்டாள், அந்தப் பாவம் தீரத்தான் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாள் என்று என் ஆச்சி கதை சொல்வாள். கடைசியில் பேரனே அவளைச் சிறைவைத்துப் பட்டினி போட்டுக் கொன்றான் என்றும் சொல்வாள். இவற்றுள் எதைக் கல்லில் எழுதலாம்? மதுரை அரசை ஆண்ட ஒரு ராணியை நெல்லைச் சீமை இத்தனை காலம் நினைவில் வைத்திருப்பது ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வெற்றிலைக் கதையைக் கல்லில் எழுதக்கூடாது என்று சொல்லமாட்டேன். சாலைகளுக்கு அதுவே காரணம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பதினேழு ஆண்டு ஆட்சியின் தலையாய செயலை ஒரு கைப்பிழைக்குச் செய்த கழுவாயாக அந்தக் கதை சுருக்கிவிடுகிறது.

மங்கம்மாள் மதுரை நாயக்க மன்னர் சொக்கநாதரின் மனைவி. 1659 முதல் 1682 வரை ஆண்ட சொக்கநாதரின் காலத்திலேயே அரசு தேயத் தொடங்கிவிட்டது. தஞ்சை மராத்தியர் கைக்குப் போனது, மைசூர் வடமேற்கே நெருக்கியது, மறவர் சீமையில் இராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதி தனித்து நிற்கலானார். கணவர் இறந்தபின் மங்கம்மாள் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பருக்குத் துணையாக நின்றார். அந்த மகனும் 1689இல் அம்மை கண்டு இறந்தார். கருவுற்றிருந்த மருமகள் முத்தம்மாள் பிள்ளையைப் பெற்ற சில நாட்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கணவனையும் மகனையும் மருமகளையும் ஏழாண்டுக்குள் பறிகொடுத்த அந்த அம்மையார், கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதருக்கு முடிசூட்டி, அவர் பெயரால் 1706 வரை அரசை நடத்தினார். தமக்கென்று முடிசூட்டிக்கொள்ளவில்லை.

அவருடைய ஆட்சித்திறனை அறிய மகனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முகலாயப் பேரரசரின் பாதுகை ஊர்வலமாக வந்தபோது முத்துவீரப்பர் வணங்க மறுத்து, அதைத் தம் காலிலேயே மாட்டிக்கொண்டதாக மரபுவழிச் செய்தி ஒன்று உண்டு. கேட்கப் பெருமிதமாகத்தான் இருக்கிறது. ஔரங்கசீபின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டுத் தென்னாட்டின் வாசலில் பெரும்படையோடு நின்ற காலத்தில், தாயாரோ திறை கொடுத்துப் போரைத் தவிர்த்தார். மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை எழுப்பியபோது, பகைவராக இருந்த தஞ்சையோடு சேர்ந்து படை திரட்டவும் அவர் தயங்கவில்லை. படை புறப்படுமுன்பே வெள்ளம் அந்த அணையை உடைத்துவிட்டது. மகனின் வீரத்தைவிடத் தாயின் நிதானமே குடிகளுக்கு அதிகம் உதவியது என்பது என் துணிபு. சமயங்களிடத்தும் அதே நிதானத்தைக் காண்கிறோம். மீனாட்சி கோயிலுக்குத் திருப்பணி செய்த கை திருச்சி நத்தர்வலி தர்காவுக்கும் மானியம் வழங்கியது. இயேசு சபைப் பாதிரிமாரை, அப்போது தலைநகராக இருந்த திருச்சியின் அரண்மனை மரியாதையோடு வரவேற்றது.

இனிச் சாலைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை சென்ற தெற்குப் பெருவழி மங்கம்மாள் சாலை என்றே வழங்கியது. நெல்லைச் சீமையின் உட்பகுதிகளிலும் அவர் பெயரைச் சொல்லும் பாதைகள் உண்டு. தென்காசியில் இன்றும் அந்தப் பெயரில் சாலை இருக்கிறது. மக்கள் நடந்த தடங்கள் அவருக்கு முன்பே இருந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோவில்பட்டி, கயத்தாறுப் பக்கத்துக் கரிசல் மண் வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கும் என்பதும், கோடையில் கங்கைகொண்டானுக்கு வடக்கேயும் நாங்குநேரிக்குத் தெற்கேயும் ஒதுங்க நிழலில்லாமல் பொட்டல்வெளி நீண்டு கிடக்கும் என்பதும் உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படிப்பட்ட தடத்தைச் செப்பனிட்டு, இருபுறமும் மரம் வைத்து, கிணறு வெட்டி, நடந்து களைத்தவர் தங்கச் சத்திரம் கட்டி, அந்தச் சத்திரம் தொடர்ந்து நடக்க மானியமும் எழுதிவைப்பது ஓர் அரசு செய்யக்கூடிய பெரிய வேலை. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும், பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும், கரிசலிலிருந்து பஞ்சும், தாமிரபரணிக் கரையிலிருந்து நெல்லும் பொதிமாட்டிலும் வண்டியிலும் போய்வந்த நாடு இது. திருச்செந்தூருக்கும் குமரிக்கும் கால்நடையாகப் போன அடியார் கூட்டம் வேறு.

நெல்லைச் சீமை அவரை மறவாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கோயிலுக்கு எழுதிய மானியம் கோயிலைச் சார்ந்தவர்களைச் சென்று சேரும், அரண்மனை எழுப்பினால் அரண்மனையாரைச் சேரும். சாலையோ நடப்பவர் எல்லாரையும் சேர்ந்தது. அக்காலத்துச் சத்திரங்களில் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கிணறுகளுக்கும் அந்தக் கட்டுப்பாடுகள் இருந்திருக்கும். ஆனாலும் தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்த ஏழைப் பெண்ணுக்குச் சாலைமரத்தின் நிழலை யாரும் மறுத்திருக்க முடியாது. சுமையை இறக்கி வைத்தவள் இந்த மரத்தை வைத்தது யார் என்று கேட்டிருப்பாள், பதிலைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள். உங்கள் ஆச்சி வரை வந்தது அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1697இல் படைத்தலைவரான தளவாய் நரசப்பையா தலைமையில் மங்கம்மாளின் படை திருவிதாங்கூர் மீது சென்று வென்று, திறையோடு திரும்பியது. மதுரைப் படைகளின் வரவும் வரிக் கொடுமையும் திருவிதாங்கூரைச் சேர்ந்த நாஞ்சில் நாட்டு உழவர்களை மிகவும் வருத்தின. நாட்டார் கூடி எதிர்ப்புத் தீர்மானம் செய்யும் அளவுக்கு அந்தத் துயரம் முற்றியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இப்புறம் நிழல் தந்த அரசு அப்புறம் பயிரை மிதித்த அரசாகவும் இருந்திருக்கிறது. அதே நரசப்பையா 1702இல் சேதுபதியோடு நடந்த போரில் மாண்டார். அந்தப் போரில் இறங்காமல் இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெற்றிலைக் கதைக்கு வருவோம். இடக்கையால் வெற்றிலை போட்டது அவ்வளவு பெரிய பாவமா என்று இளம் வயதில் கேட்ட எவருக்கும் ஐயம் எழுந்திருக்கும். என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன், ஊகமாகவே கொள்ளுங்கள். கைம்பெண் தாம்பூலம் தரிக்கலாகாது என்று விலக்கி வைத்திருந்த சமூகம் அது. அப்படிப்பட்ட ஒரு சமூகத்தில், கணவனை இழந்த ஒரு பெண் கொலுவில் அமர்ந்து தூதுவரைக் கண்டு, படையை ஏவி, அரசரைப் போல வெற்றிலை தரித்ததே பலருக்கு உறுத்தியிருக்க வேண்டும். அந்த உறுத்தல் காலப்போக்கில் இடக்கைப் பிழையாகக் கதையில் ஒதுங்கியிருக்கலாம். அமைச்சர் ஒருவரோடு அவரை இணைத்துப் பேசிய வம்பும் அதே இடத்திலிருந்து பிறந்ததுதான். ஓர் ஆண் அரசன் சாலை போட்டால் அது அவனுடைய அறம் என்கிறோம். ஒரு விதவை போட்டால் அவள் என்ன பாவம் செய்தாளோ என்று தேடுகிறோம். இந்த வேறுபாடுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. உங்கள் ஆச்சியை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அந்த ராணியை நேசித்ததால்தான் கதையைக் காத்துவைத்தார்.

பட்டினிச் சாவுக் கதை செவிவழிச் செய்தியாகவே வந்திருக்கிறது. உணவைக் கண்ணில் படும்படி, கைக்கு எட்டாதபடி வைத்தார்கள் என்று அதைக் கொடூரமாகச் சொல்பவர்களும் உண்டு. 1706இல் பேரன் ஆட்சியை ஏற்றதும், அத்துடன் பாட்டியின் காலம் முடிந்ததும் உறுதியானவை. அதற்கு மேல் கல்லில் வெட்ட வேண்டாம். அந்தப் பேரனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த ராணி மீனாட்சி, ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபிடம் ஏமாந்து நஞ்சுண்டு இறந்ததாகச் சொல்வார்கள். நாயக்க அரசின் முடிவாகிய அந்தத் துயரம் மக்கள் நினைவில் மங்கம்மாளின் கதையோடு கலந்திருக்கவும் கூடும்.

கல்வெட்டுக்கு என் யோசனை இது. அவர் பெயரையும், 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆட்சி செய்தார் என்பதையும், மதுரையிலிருந்து குமரி வரை சாலையும் மரமும் சத்திரமும் அமைத்த ராணியாக இவ்வட்டார மக்கள் அவரை நினைவுகூர்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். வெற்றிலைக் கதைக்கும் இடம் இருந்தால், ‘ஊரார் சொல்லும் கதை’ என்ற தலைப்பின்கீழ் தனியாக எழுதுங்கள். உங்கள் ஊர்ப் பாதையை அவரே நேரில் போட்டார் என்று எழுதுவதற்குப் பதிலாக, இந்தப் பாதை அவர் பெயரால் வழங்கி வருகிறது என்று எழுதினால் போதும். கல் வெட்டக் கொடுப்பதற்கு முன், ஊரின் மூத்தவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து, பழைய கிணறும் சுமைதாங்கியும் எங்கெங்கே இருந்தன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களின் பெயர்களையும் கல்லில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.