படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு எக்ஸ்ரே: எப்போது கொண்டு போக வேண்டும்?

கேள்வி: 82 வயதான எனது அம்மா களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பெரும்பாலும் படுக்கைதான், மறதியும் உண்டு. வைத்தியர் எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எழுதும்போதெல்லாம் வான் பிடித்து, ஆள் பிடித்து, ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது. அம்மாவும் துவண்டுவிடுகிறார். மெல்பேர்னில் இருக்கும் தங்கை, அங்கே இயந்திரமே இல்லத்துக்கு வரும் என்கிறாள். இங்கே என்ன செய்யலாம்?

பதில்: தங்கை சொல்வது சரி. அவுஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு நடமாடும் எக்ஸ்ரே சென்று வருவதற்கு 2019 நவம்பர் முதல் அரசின் மெடிகெயார் திட்டம் பணம் கொடுக்கிறது. விழுந்தவர்கள், நிமோனியாச் சந்தேகம் உள்ளவர்கள் போன்றோருக்கே அது. நமது மாவட்டத்துக்கும் வந்தாக வேண்டிய சேவை என்பதே என் எண்ணம். நமது வைத்தியசாலைகளில் உள்ள சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரம் வாட்டில் கட்டிலோடு கிடக்கும் நோயாளிகளுக்கானது. ஆகவே இப்போதைக்கு அம்மாவைத்தான் கொண்டு போக வேண்டும். எதற்கு உடனே போவது, எதற்குப் பொறுப்பது என்று தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

விழுந்துவிட்டால் பொறுக்கவே கூடாது. அம்மாவை மல்லாக்கக் கிடத்தி இரண்டு பாதங்களையும் பாருங்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகி, அந்தப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பு மூட்டருகே தொடையெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மறதி உள்ளவர் வலியைச் சொல்ல மாட்டார். உடுப்பு மாற்றும்போது முகம் சுளிப்பதும், தொட்டால் கையைத் தட்டிவிடுவதும்தான் அவருடைய முறைப்பாடு. எண்ணெய் தடவி, கட்டுப்போட்டு, நாலு நாள் பார்ப்போம் என்று இருப்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. அந்த நாலு நாளில் படுக்கைப்புண்ணும் நெஞ்சுச்சளியும் வந்து சேர்ந்துவிடும். கக்கத்தில் பிடித்துத் தூக்காமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் உண்டு. 'படம் நல்லது' என்று திருப்பி அனுப்பிய பிறகும் காலை ஊன்ற முடியாவிட்டால் மறுபடியும் போய், சி.ரி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

தலையில் அடிபட்டால், அதிலும் வோபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து குடிப்பவரானால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கொண்டு போக வேண்டும். தலைக்குள் இரத்தக் கசிவை சி.ரி. ஸ்கேன்தான் காட்டும், எக்ஸ்ரே காட்டாது. சில முதியவர்களுக்கு விழுந்து வாரங்கள் கழிந்த பிறகே தூக்கக் கலக்கம், நடை தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று வெளிப்படும். அதை மறதி கூடிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் அனுமதித்துவிட்டால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சி.ரி. எடுக்க வேண்டிவரும்போது அனுப்பிவைக்கும் பொறுப்பு வைத்தியசாலையினுடையது. நீங்கள் வான் தேட வேண்டியதில்லை. முன்கூட்டியே திகதி குறித்த ஸ்கேனுக்கு 1990 வராது, அதற்கு வாகனம் உங்கள் பொறுப்பு.

மற்றவற்றுக்கு வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படத்தால் அம்மாவின் மருந்தோ சிகிச்சையோ மாறுமா?" ஆண்டுக்கணக்கான முதுகுவலிக்கு இன்னொரு எக்ஸ்ரே, சளி தெளிந்து நன்றாகச் சாப்பிடுபவருக்கு 'ஒருதரம் பார்க்க' நெஞ்சுப்படம், இவற்றில் பல தேவைப்படாமலே போகலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

போகும் நாளில் அம்மாவோடு பழகிய பராமரிப்பாளர் கட்டாயம் கூட வர வேண்டும். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால்தான் மறதிக்காரர் அசையாமல் படுப்பார், அசைந்தால் படம் கலங்கிவிடும். கிளினிக் கொப்பி, பழைய படங்கள், மருந்துப் பட்டியல், முதியோர் அடையாள அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். நெஞ்சுப்படத்துக்கு முன் சங்கிலி, தாயத்து, ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி, பின்னலை உச்சியில் தூக்கிக் கட்டுங்கள். தோளில் கிடக்கும் பின்னல் நுரையீரலின் மேல்பகுதியில் நிழலாக விழுந்து வீண் சந்தேகத்தைக் கிளப்பும். வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், நீரிழிவு உள்ளவர் என்று சொல்லிக் காலையில் முதல் ஆளாக எடுக்கக் கேளுங்கள். இன்சுலினை என்ன செய்வது என்பதையும் முதல்நாளே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.ரி. என்றால் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கொண்டு போங்கள், மெற்போமின் என்ற நீரிழிவு மருந்து குடிப்பவரானால் அதையும் சொல்லுங்கள்.

பலத்த காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்க்காலத்தில் பட்ட குண்டுச் சிதறல்களோடு வாழும் முதியவர்கள் நம் ஊர்களில் பலர். அந்த இரும்புத் துண்டு காந்தப்புலத்தில் நகரலாம், சூடேறலாம். கண்ணிலோ முதுகுத்தண்டருகிலோ இருந்தால் பேராபத்து. மறதி வந்த பிறகு அவர்களால் அதைச் சொல்ல முடியாது. அம்மாவுக்குச் சிதறல் உண்டா, இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் பேஸ்மேக்கர் உண்டா என்று மூத்த உறவினர்களிடம் விசாரித்து, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இன்றே எழுதிவையுங்கள்.