பேலியோவும் பாக்கெட்டும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற முறை மாவுச்சத்தைப் பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, கற்கால உணவு என்று சொல்லப்படும் பேலியோ உணவுமுறையைத்தான் கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். படிப்பதற்கு முன்னால் ஒன்று: சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் பேலியோ தொடங்கக் கூடாது. இதைக் கீழேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஆதிமனிதன் கிழங்கைத் தோண்டித்தானே தின்றான்? அப்படியானால் பேலியோவில் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) சாப்பிடலாம்தானே? எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் கிழங்கும் மீன்கறியும்தான்.
– மார்த்தாண்டம் வாசகர்

கிழங்கு தின்றிருப்பான். ஆனால் நம் பக்கத்து ஆதிமனிதன் மரச்சீனியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். அது தென் அமெரிக்காவில் இருந்து கப்பல் ஏறி வந்த பயிர். நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880களில், விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தக் கிழங்குதான் ஏழை வீடுகளில் வயிற்றை நிறைத்தது. அந்த நன்றியோடுதான் நானும் அதைச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலைநாட்டு பேலியோக்காரர்கள் பலர் மரச்சீனியைத் தடுப்பதில்லை. நம்மூரில் பேலியோ என்ற பெயரில் நடப்பது மாவுச்சத்தைக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை. அதில் இதற்கு இடமில்லை. அவித்த கிழங்கு ஒரு தட்டு, சுமார் 200 கிராம் என்று வையுங்கள், அதில் மாவுச்சத்து 70 கிராமுக்கு மேல் வரும். ஏறக்குறைய கால் கிலோ சோற்றில் இருக்கும் அளவு. புரதம் மூன்று கிராம்கூடத் தேறாது. சுகர் இல்லாதவர், உடம்பால் உழைக்கிறவர் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், மீன் துண்டைக் கூட்டி, கிழங்கைக் குறைத்து. சுகர் இருந்தால் நான்கு விரல் நீளத் துண்டு இரண்டோடு நிறுத்துங்கள், அன்றைக்குச் சோறு வேண்டாம். நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சயனைடு நஞ்சு அதோடுதான் போகும். நம் அம்மாமார் எல்லாரும் செய்ததுதான். இப்போது குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைக்கும் வீடுகளைப் பார்ப்பதால் சொல்கிறேன்.

கருப்பட்டி, அக்கானி (பதநீர்) இரண்டும் இயற்கைதானே, பேலியோவில் சேர்க்கலாமா?
– ராஜாக்கமங்கலம் வாசகி

இயற்கைதான், ஆனால் சீனிக்கு ஏறும் சுகர் இதற்கும் ஏறும். சுகர் உள்ளவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.

வயது 45. பேலியோ ஆரம்பிக்கலாமா? உடனே பதில் தேவை.
– ஊர் எழுதவில்லை

எதை வைத்துப் பதில் சொல்வது? உயரம் இல்லை, எடை இல்லை, ஆணா பெண்ணா என்பதுகூட இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மூன்று மாதச் சராசரி சுகர் எவ்வளவு? கிட்னிக்குப் பார்க்கும் கிரியாட்டினின்? யூரிக் ஆசிட்? கல்லடைப்பு வந்ததுண்டா? இதெல்லாம் தெரியாமல் 'ஆரம்பிங்க' என்று ஒருவர் சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து, முடிவுகளோடு மறுபடி எழுதுங்கள்.

காலையில் 100 பாதாம் சாப்பிடச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை. நம்மூர் முந்திரி போதாதா? அல்லது நிலக்கடலை?
– குலசேகரம் வாசகர்

100 பாதாம் என்பது 120 கிராம், சுமார் 700 கலோரி. அதைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்த மருத்துவ விதியும் இல்லை. முந்திரியில் மாவுச்சத்து பாதாமைவிடக் கூடுதல், அதனால் அதே அளவு கூடாது. நிலக்கடலை பருப்பு வகை என்று கண்டிப்பான பேலியோக்காரர்கள் ஒதுக்குவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். தோலோடு அவித்த கடலை ஒரு கைப்பிடி, இரண்டு முட்டை, கொஞ்சம் காய்: காலைக்கு இது போதும், பாதாம் வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.

சோறே தின்னாமல் வாழ்ந்த இனம் நாம் என்கிறார் என் நண்பர். 'அரிசி நம் உடம்புக்கு அந்நியம்' என்பது உண்மையா?
– நாகர்கோவில், கல்லூரி மாணவர்

கற்கால உணவு என்ற எண்ணம் மருத்துவ உலகில் பரவலாகப் பேசப்பட்டது 1985க்குப் பிறகு. பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை அதற்குக் காரணம். விவசாயம் வந்து பத்தாயிரம் வருடம்தான் ஆகிறது, உடம்பு இன்னும் பழகவில்லை என்பது வாதம். ஆனால் இஸ்ரேலில் கலிலேயா ஏரிக்கரையில் 23,000 வருடம் பழைய குடியிருப்பில் காட்டு பார்லி அரைத்த கல் கிடைத்திருக்கிறது. விதைக்கத் தெரிவதற்கு முன்பே தானியம் தின்றிருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கிமு 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். 3,000 வருடத்துக்கு மேலாகக் கூட இருக்கும் அரிசியை அந்நியம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், மூல பேலியோவில் பாலுக்கே இடமில்லை. நம்மூர் பேலியோவில் வெண்ணெய், நெய், பன்னீர் எல்லாம் உண்டு. பலன் கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. ஸ்வீடனில் மாதவிடாய் நின்ற, உடல் பருமனான 70 பெண்களைப் பேலியோ அணி, வேறு உணவு அணி என்று பிரித்து இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறாவது மாதத்தில் பேலியோ அணிக்கு உடல் கொழுப்பு அதிகம் குறைந்திருந்தது. இரண்டு வருட முடிவில் எடையில் இரண்டு அணிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரத்தக் கொழுப்பு வகைகளில் ஒன்றான டிரைகிளிசரைடு மட்டும் பேலியோ அணியில் நன்றாக இருந்தது. என் கணிப்பு இதுதான்: சீனி, மைதா, பாக்கெட், எண்ணெய்ப் பலகாரம் நான்கையும் தூக்கி எறிந்ததில்தான் பேலியோவின் நன்மையில் பெரும்பங்கு இருக்கிறது. அதை வீட்டில் சோறு வைத்துக்கொண்டே செய்யலாம்.

நான்கு மாதப் பேலியோவில் 11 கிலோ குறைந்தது. சுகரும் 110க்கு வந்துவிட்டது. மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?
– தக்கலை வாசகர்

எடை குறைந்ததற்கு வாழ்த்துகள். மாத்திரையை நீங்களே நிறுத்தியது தவறு. குறைக்க வேண்டியது அவசியமாக இருந்திருக்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். கிளிமிப்பிரைடு, இன்சுலின் எடுக்கிறவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் லோ சுகர் ஆகி மயங்கி விழலாம். அதனால் மருந்தின் அளவை டாக்டர் முதல் நாளிலேயே மாற்ற வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை இன்னும் ஆபத்து: மாவுச்சத்து குறைந்த உணவோடு சேரும்போது ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்போதும் மீட்டரில் சுகர் சாதாரணமாகவே காட்டக்கூடும், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை, எடை குறையும்போது பிரஷரும் இறங்கும். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

என் அப்பாவுக்கு 70 வயது, சுகர் 12 வருடமாக. சோற்றைத் தொடுவதே இல்லை. காலையும் சாயங்காலமும் சாயாவோடு நான்கு மேரி பிஸ்கட், இரவுக்கு இரண்டு ரஸ்க். மதியம் கொஞ்சம் மீன்கறி. லைட் ஆகாரம்தானே, இதுவும் பேலியோ மாதிரி நல்லதுதானா?
– இரணியல் வாசகி

இல்லை அம்மா, நல்லதில்லை. இந்தப் பிஸ்கட்டோடு எனக்கு இருபது வருடச் சண்டை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் குனிந்து பார்ப்பேன். பிரெட், ரஸ்க், குளுக்கோஸ் பிஸ்கட், மால்ட் பவுடர் டப்பா. காலில் ஆறாத புண்ணோடு படுத்திருக்கும் சுகர் நோயாளிக்குப் பயறும் முட்டையும் எழுதிக் கொடுத்திருப்பேன். முட்டை அப்படியே ஆறிக் கிடக்கும், பிஸ்கட் பாக்கெட் காலியாகியிருக்கும். சுகர் 300ஐத் தாண்டும். கேட்டால், 'வேற ஒண்ணும் குடுக்கல, வெறும் பிஸ்கட்தானே' என்பார்கள். அந்த 'வெறும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கிறது. அவர்கள் பாசத்தில் வாங்கி வந்ததுதான். அதனாலேயே திட்டவும் முடியவில்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் பொருள்களை அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். மைதா, சீனி, பாமாயில் என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். மேரி பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு மாவுச்சத்து 75 கிராமை ஒட்டி இருக்கும், அதில் சீனி மட்டும் 20 கிராம் வரை. நான்கு பிஸ்கட் என்றால் 100 கலோரி. உங்கள் அப்பா ஒரு நாளில் எட்டு பிஸ்கட்டும் இரண்டு ரஸ்க்கும் சாப்பிடுகிறார். அத்தனையிலும் புரதம் பத்து கிராம்கூட இல்லை. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளைக்கு 60 கிராம் வேண்டும். மதிய மீனை வைத்து மட்டும் அது எட்டாது. சோறு தின்னாததால் சுகர் குறையும் என்று நினைக்கிறார். குறைவது தசை. மாடிப்படி ஏறத் தடுமாறுகிறாரா, உட்கார்ந்து எழ கையை ஊன்றுகிறாரா என்று கவனித்து எழுதுங்கள்.

2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் செய்த உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. கலோரி, சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாகவே பரிமாறினார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆலை உணவில் நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது, எடையும் ஒரு கிலோ போல ஏறியது. மென்மையாக இருக்கும், வேகமாக இறங்கும், வயிறு நிறைந்தது தெரிவதற்குள் பாக்கெட் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குக் கலக்கும் டப்பா பவுடரும் இதே வகைதான். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு பிரிவே நம் உணவுச் சட்டத்தில் கிடையாது. அந்தத் தலைப்பில் வைத்து இவற்றை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் இணையக் கடைகளுக்குச் சொன்னது.

அப்பாவுக்குக் காலையில் அரைக் குற்றி (குழல்) புட்டு, ஒரு கிண்ணம் சிறுபயறு, ஒரு முட்டை. மதியம் ஒரு கரண்டி சிவப்பரிசிச் சோறு, நான்கு சாளை மீன், அவியல். நாலு மணிக்குச் சீனி இல்லாத சாயா, அவித்த கடலை. இரவு தோசை ஒன்று, மீனோ முட்டையோ. கிட்னி பரிசோதனை செய்து வெகுநாளாகியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், கிரியாட்டினின் கூடியிருந்தால் புரத அளவு மாறும். மாத்திரை அளவையும் டாக்டரிடம் கேளுங்கள். இனி நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழமோ முட்டையோ கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போய்ப் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே அவருக்குத் தெம்பு.

கருவாடு பதப்படுத்திய உணவா? என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், தினமும் மீன் உண்டு.
– குளச்சல் வாசகி

பதப்படுத்தியதுதான். ஆனால் மீன், உப்பு, வெயில் மூன்றோடு முடிகிற பதம். ஆலைப் பண்டத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம். சிக்கல் உப்புதான்: நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, கருவாட்டுக்குழம்பு ஒரு வேளையில் அதில் பெரும்பங்கை எடுத்துவிடும். பிரஷர் இருந்தால் வேண்டாம். இல்லாதவர்கள் நன்றாக ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றி, வாரம் ஒரு நாள். தினமும் பச்சை மீன் கிடைக்கும் வீடு உங்களுடையது. சாளை, அயிலை, நெத்திலி மூன்றையும் பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

பேலியோ எடுத்த பிறகு எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 130இல் இருந்து 195 ஆகிவிட்டது. பயப்பட வேண்டாம் என்கிறார்கள்.
– வடசேரி வாசகர்

பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. 195 அதிகம்தான். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் எவ்வளவு ஊற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் போல, எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு. தாளிக்க ஒன்றிரண்டு ஸ்பூன் வேறு, காபியில் கலந்து குடிப்பது வேறு. நம் சமையலில் தேங்காயும் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். நெய்யைக் குறைத்து, இறைச்சிக்குப் பதில் மீன் வைத்து, பயறு சேர்த்து, ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். முடிவை இதய மருத்துவரிடம் காட்டுங்கள், மாத்திரை வேண்டுமென்றால் அவர் சொல்வார். ஏற்கெனவே மாத்திரை எடுத்து நிறுத்தியிருந்தால், நாளைக்கே போங்கள்.

பாக்கெட் இட்லி மாவு, பாக்கெட் பால் எல்லாம் ஒதுக்க வேண்டுமா?
– தோவாளை வாசகி

ஒதுக்க வேண்டாம். அரிசி, உளுந்து, உப்பு மட்டும் போட்ட மாவு என்றால் பாக்கெட்டில் வந்தாலும் வீட்டு உணவுதான்.

ஆன்லைனில் பேலியோ பிரெட், கீட்டோ குக்கீஸ் விற்கிறார்கள். வாங்கலாமா?
– கருங்கல் வாசகர்

பாக்கெட் வேண்டாம் என்று தொடங்கியவர்கள் பாக்கெட் வாங்கவா? பணத்தை மீன் சந்தையில் செலவழியுங்கள்.

பிள்ளை பிறந்து மூன்று மாதம். பால் கொடுக்கிறேன். எடை குறையப் பேலியோ?
– அருமனை வாசகி

இப்போது வேண்டாம். பால் கொடுக்கும்போது மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் ஏறுவதுண்டு. உளுந்தங்கஞ்சி, மீன், கீரை, பசிக்குச் சோறு. பலகாரம், பேக்கரி இரண்டையும் விட்டாலே எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இடையில் பசித்தால் ஒரு மட்டி வாழைப்பழம் சாப்பிடுங்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் எழுதுங்கள், அப்போது பார்ப்போம்.