கட்டளை வரியில் நெட்வொர்க்கைச் சோதிப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சர்வருக்கு பிங் போகவில்லை. சர்வர் நின்றுவிட்டதா?

பதில்: பிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் இந்தப் பிங் கட்டளையை எழுதியபோது, நீர்மூழ்கியின் சோனார் ஒலியை நினைத்தே பெயர் வைத்தார்; எதிரொலி வருகிறதா என்பதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை. அந்த எதிரொலியை ஃபயர்வாலில் (காவல் தடுப்பில்) அடைத்துவிட்டு, வலைத்தளத்துக்கான வாசலாகிய 443ஆம் போர்ட்டை மட்டும் திறந்து வைத்திருக்கும் சர்வர்கள் ஏராளம். ஆகவே உங்களுக்கு வேண்டிய போர்ட்டையே நெட்கேட் என்ற கட்டளை கொண்டு தட்டிப் பாருங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் அதே வேலையைச் செய்யும். இணைப்பு மறுக்கப்பட்டதாக உடனே பதில் வந்தால், பெரும்பாலும் இயந்திரம் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் நிரல் ஓடவில்லை என்று பொருள். பதிலே வராமல் நேரம் கடந்தால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு கணினிகளுக்கு இடையே வேகத்தை அளக்க எது நல்லது?

பதில்: ஐபெர்ஃப்3. இரு முனைகளிலும் நிறுவுங்கள். சர்வர் பக்கம் 5201ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகச் சோதிக்கும் எம்டிஆர் கருவியை ஓட்டினேன். ஐந்தாவது ரவுட்டரில் 60% இழப்பு, கடைசி வரியில் 0%. இணைய சேவை நிறுவனத்திடம் புகார் செய்யலாமா?

பதில்: வேண்டாம். எம்டிஆர் தன் பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) ஆயுள் எண்ணை, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைவதை, வேண்டுமென்றே குறைத்து அனுப்பும். அது பூஜ்யமாகும் இடத்திலுள்ள ரவுட்டர், 'ஆயுள் முடிந்தது' என்று பதில் எழுத வேண்டும். பாக்கெட்டைக் கடத்துவதே தன் முதல் வேலை என்பதால், இத்தகைய பதில்களுக்கு ரவுட்டர் வரம்பு வைத்துக்கொள்கிறது; நீங்கள் பார்த்த 60% அது எழுதாமல் விட்ட பதில்கள்தான்.

குறுக்குக் கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. 60% இழக்கும் ரவுட்டரை எப்படி நம்புவது?

பதில்: கணக்கைப் பாருங்கள். கடைசி முனைக்கு அனுப்பிய 100 பாக்கெட்டும் அதே ஐந்தாவது ரவுட்டரைத் தாண்டித்தான் போயின. நூற்றுக்கும் பதில் வந்திருக்கிறது. அது உண்மையிலேயே 60ஐ இழந்திருந்தால், கடைசி வரி பூஜ்யமாக இருக்கவே முடியாது.

மறுபடியும் அவரே: என் வீட்டில் ஏழாவது வரியிலிருந்து கடைசி வரை 12% தொடர்கிறதே?

பதில்: அது மெய்யான இழப்பு, அவசியம் புகார் செய்யுங்கள். ஆனால் பதில் திரும்பும் பாதை வேறாக இருக்கலாம். எதிர்முனையிலிருந்தும் ஒருமுறை எம்டிஆர் ஓட்டி, இரண்டு முடிவுகளையும் சேர்த்து அனுப்பினால்தான் பழுது எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: தளம் திறக்கிறது, பிங் மட்டும் வரவில்லை. ஏன்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி?

பதில்: ரவுட்டரின் கையேட்டில் இருக்கும்; இங்கே பேசுவது சோதனைக் கருவிகளைப் பற்றி.

கேள்வி: பிங் நன்றாக வருகிறது, சிறிய பக்கங்களும் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் பாதியில் தொங்குகிறது.

பதில்: நல்ல கேள்வி. சாதாரண பிங் மிகச் சிறியது, எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் வைத்து அனுப்புங்கள். பாக்கெட்டின் முன்னே சேரும் தலைப்புகளின் 28 பைட்டைச் சேர்த்தால் 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போனால், பாதையில் பிபிபிஓஈ (சில பிராட்பேண்ட் சேவைகளின் இணைப்பு முறை) 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது என்று எண்ணலாம். ரவுட்டரில் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1492 ஆக்கி, அதே கோப்பை மீண்டும் இறக்கிப் பாருங்கள்.