எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம் போல ஒரு புழு

கேள்வி: எலுமிச்சைக் கன்று நட்டு ஆறு மாதம் ஆகிறது. கொழுந்து விட்டதும் யாரோ மேய்ந்ததுபோல் நடுநரம்பு மட்டும் மிஞ்சுகிறது. இலைமேல் பறவை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது, தொட்டால் அசைகிறது. பக்கத்துக் கறிவேப்பிலையிலும் இதே கதைதான். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: எச்சம் அசைகிறதென்றால் சந்தேகமே இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுதான். இப்போதைக்கு மருந்து வேண்டாம், கையால் பொறுக்கினாலே போதும்.

கறுப்புச் சிறகில் வெளிர்மஞ்சள் திட்டுகளும் பின்சிறகில் சிவப்புப் பொட்டுமாக, வெயில் விழும் திறந்தவெளியில் வேகமாகப் பறக்குமே, அதுதான் தாய். எலுமிச்சை, ஆரஞ்சு, கறிவேப்பிலை, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் எதிலும் முட்டை வைக்கும். (ஆஸ்திரேலியாவில் இதே இனம் எலுமிச்சைப் பக்கம் போகாமல் அவரைக் குடும்பத்துக் காட்டுச்செடிகளில் வளர்கிறது. ஆச்சரியமான விஷயம்!)

கொழுந்தில் கடுகளவு, வெளிர்மஞ்சளாக, தனித்தனியாக இருப்பவை முட்டைகள். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். எச்சம் போலிருக்கும் புழு வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும், அப்போது கண்ணில் படாது. இலையைப் பெருமளவு தின்று தீர்ப்பதும் அந்தப் பச்சைப் புழுதான். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். பயப்படாதீர்கள், கையை ஒன்றும் செய்யாது.

துளிர்க்கும் சமயத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் இலையின் இருபுறமும் பார்த்து, முட்டையையும் புழுவையும் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தண்டில் நூலால் கட்டியதுபோல் நிற்கும் கூட்டுப்புழுவில் சிறு வட்ட ஓட்டை தெரிந்தால், ஒட்டுண்ணிக் குளவி அதைத் தின்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்காக வேலை செய்யும் அந்தக் குளவிகளைத்தான் கடும் பூச்சிமருந்து முதலில் கொல்லும். அதனால்தான் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

பொறுக்கி மாளவில்லை என்றால், 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். புழு சிறிதாக இருக்கும்போதே தெளித்தால்தான் பலன். நன்றாக வளர்ந்த மரத்தில் நாலு புழு இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், மரம் தாங்கும்.