பழைய மருந்துக்குப் புதிய வேலை: மாட்டுங்காக் கூட்டத்தில் வந்த கேள்விகளும் பதில்களும்

வேறு நோய்களுக்கான பழைய மருந்துகள் புற்றுநோய்க்கு உதவுமா என்பது பற்றி மும்பை மாட்டுங்காவில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நேரம் போதாமல் நின்றுபோன கேள்விச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பரேலில் ஒரு மருத்துவமனையில், கீமோ மருந்துகளைக் கலந்து தரும் மருந்தகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்லன், மருந்தாளுநன். அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

கேள்வி (மாட்டுங்கா, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்): ஐயா, வேறு நோய்க்கு வந்த மருந்து புற்றுநோய்க்கும் உதவும் என்றால், மருந்து நிறுவனங்கள் ஏன் அதைப் போட்டி போட்டுக்கொண்டு ஆராய்வதில்லை?

வங்கியில் இருந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். காப்புரிமை முடிந்த மாத்திரையை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். பல கோடி ரூபாய் செலவிட்டு ஒரு நிறுவனம் அதற்குப் புதிய பயனை நிறுவினாலும், லாபம் பக்கத்துத் தொழிற்சாலைக்கும் போய்விடும். ஆகவே இத்தகைய சோதனைகளில் பெரும்பாலானவற்றை அரசு நிதியில் இயங்கும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களுமே நடத்துகின்றன. விதிவிலக்கு உண்டு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்து, கருவிலிருந்த குழந்தைகளின் கை கால்களைக் குறைத்ததால் 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு, 2006இல் அமெரிக்காவில் மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது.

கேள்வி (தாராவி): அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது. விலை உயர்ந்த இம்யூனோதெரபி மருந்தைக் குறைந்த டோஸில் தருகிறோம் என்கிறார்கள். இது ஏழைகளுக்கான அரைகுறை வைத்தியமா?

இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நிவோலுமாப் என்ற அந்த மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். டாடா நினைவு மருத்துவமனையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரில் அனைவருக்கும் மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் ஆகிய மூன்று மாத்திரைகள் தரப்பட்டன. பாதிப்பேருக்கு மட்டும் இந்த ஊசியும் சேர்க்கப்பட்டது. செலிகாக்சிப் என்பது மூட்டுவலிக்காக நம் வீடுகளில் கிடக்கும் மாத்திரைதான். ஓராண்டு முடிவில் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16.3 விழுக்காட்டினரும், ஊசியும் பெற்றவர்களில் 43.4 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தனர்.

அளவைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைத்தும் மருந்து வேலை செய்வது எப்படி என்று கேட்பீர்கள். இம்மருந்து புற்றணுவை நேரே கொல்வதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களின் மேலுள்ள பூட்டு ஒன்றை மறைத்து வைக்கிறது. பூட்டுகள் அனைத்தும் மறைந்த பிறகு மேலும் மருந்து ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை என்பதே கருத்து. மருந்தகத்தில் இதன் பொருள் என்னவென்றால், 40 மில்லிகிராம் குப்பி ஒன்றில் இருவருக்கு மருந்து எடுத்துவிடலாம்; அதற்காக இரு நோயாளிகளையும் ஒரே நாளில் வரச்சொல்ல வேண்டும். ஆனால் முழு அளவும் குறைந்த அளவும் அந்தச் சோதனையில் நேருக்கு நேர் ஒப்பிடப்படவில்லை. நோய் குணமாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஊசி பெற்றவர்களிலும் பாதிப்பேர் சுமார் பத்து மாதத்துக்குள் இறந்தனர். முழு அளவை வாங்க வழியில்லாத உங்கள் தந்தைக்கு இது நல்ல யோசனை என்றே கருதுகிறேன்.

கேள்வி (முலுண்ட்): மனைவிக்கு மார்பகத்தில் அறுவை சிகிச்சை. கட்டியைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டால் நோய் திரும்பாது என்கிறார்களே?

"திரும்பாது" என்பதை "திரும்பும் வாய்ப்புக் குறையலாம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே லிக்னோகெயின். டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் 1600 பெண்களிடம் நடந்த சோதனை 2023இல் வெளியானது. கத்தி வைப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிடங்களுக்கு முன்பு, 0.5 விழுக்காட்டுக் கரைசலைக் கட்டியின் எல்லாப் பக்கங்களிலும் செலுத்தினார்கள். ஐந்தாண்டுக்குப் பின் நோயின்றி இருந்தவர்கள், ஊசி பெற்றவர்களில் 86.6 விழுக்காடு, பெறாதவர்களில் 82.6 விழுக்காடு. அறுவையின்போது கட்டி அசைக்கப்படுவதால் அணுக்கள் நகரத் தூண்டப்படுகின்றன என்றும், அணுச்சவ்வின் சோடியம் வழிகளை இம்மருந்து அடைப்பதால் அது தடைபடுகிறது என்றும் விளக்குகிறார்கள். யாருக்கு ஊசி போடப்பட்டது என்பது மருத்துவருக்குத் தெரிந்தே நடந்த சோதனை இது என்பதால், மற்றொரு முறை நடத்திப் பார்க்க வேண்டும் என்போரும் உண்டு. முன்னதாகக் கீமோ பெறாத, ஆரம்ப நிலை நோயாளிகளிடம் மட்டுமே இது சோதிக்கப்பட்டது. அறுவைக்கு முந்தைய நாளே மருத்துவரிடம் கேளுங்கள். மேசையில் படுத்த பிறகு கேட்க முடியாது.

கேள்வி (டோம்பிவிலி): சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் இதயத்துக்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். புற்றுநோயிலிருந்தும் காப்பு உண்டா?

மெட்ஃபார்மின் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. சர்க்கரை நோய் இல்லாத 3649 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது பயன் தெரியவில்லை. முடிவு 2022இல் வந்தது. ஆஸ்பிரின் கதை வேறு. குடல் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு, அறுவைக்குப் பின் தினம் 160 மில்லிகிராம் கொடுத்தபோது மூன்றாண்டில் நோய் திரும்பியது 14.1 விழுக்காட்டிலிருந்து 7.7 ஆகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோயில் அதே ஆஸ்பிரின் உதவவில்லை. உங்கள் மாத்திரைகளை அவை எதற்காகத் தரப்பட்டனவோ அதற்காகத் தொடருங்கள்.

கேள்வி (செம்பூர்): குடற்புழு மாத்திரை ஐவர்மெக்டின் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா?

ஆய்வகத் தட்டில் அணுக்கள் செத்தன என்பது உண்மை. தட்டில் பினாயில் ஊற்றினாலும் அவை சாகும். மனிதர்களிடம் நோய் குறைந்ததாக நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. இதற்காகக் கீமோவைத் தள்ளிப்போடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (ஆண்டாப் ஹில்): சோதனையில் சேர்ந்தால் நாம் எலிதானே?

எலிக்குக் கையெழுத்து இல்லை. உங்களுக்கு உண்டு, எந்த நாளிலும் விலகும் உரிமையும் உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 2009 ஜூன் முதல் இத்தகைய சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண்ணைத் தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

கேள்வி (சயான்): நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? புற்றுநோய் மருந்தே அதிலிருந்துதானே வருகிறது?

வருகிறது, அதுவும் எதிர்பாராமல். 1950களில் கனடாவில் நீரிழிவுக்காக அந்த இலையை ஆராய்ந்தபோது, எலிகளின் வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள். வின்பிளாஸ்டின் அப்படித்தான் கிடைத்தது, பின்னர் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும். வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் நிரப்பாமல் சிறு பையில் கலந்தே அனுப்புவோம். இரத்தக் குழாய்க்குள் போக வேண்டியது தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் உயிரே போய்விடும். உங்கள் கஷாயத்தில் அது எத்தனை மில்லிகிராம் இறங்கியிருக்கிறது என்று அளக்க வழியில்லை. பூவைப் பூஜைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.